ஆறே முக்கால் மணி: தோட்டப்புற இல்லம் ஒன்றில் நடந்த நிகழ்வின் ஆய்வு

வீட்டில் பாதுகாப்பு இல்லாத பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கும் ஓர் இல்லத்தில், பராமரிப்பாளர் ஒருவர் ஒரு பையனை இருட்டறையில் அடைத்துவிட்டார். அது ஏன் நடந்தது, பிறகு எதை மாற்றினோம் என்பதே இந்த ஆய்வு. இதில் வரும் யாருடைய பெயரும், இல்லத்தின் பெயரும், ஊரின் பெயரும் சொல்லப்படவில்லை. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிள்ளைகளின் பாட்டி, அந்தப் பையன், தவறு செய்த பராமரிப்பாளர் ஆகிய மூவரிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகே எழுதுகிறேன். பராமரிப்பாளர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: “நான் செஞ்சத குறைச்சு எழுதாதீங்க டீச்சர்.” குறைக்கவில்லை. என் பங்கையும் குறைக்கவில்லை.

பின்னணி

மலேசியாவில், ஈப்போவிலிருந்து வடக்கே போகும் பழைய சாலையில் இருக்கும் ஒரு சிற்றூர். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை (எண்ணெய்ப் பனை). தோட்டங்கள் கைமாறித் துண்டாகி, லயங்கள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) காலியானபோது வெளியே வந்த குடும்பங்கள் டவுன் ஓரத்து மலிவு விலை வீடுகளில் குடியேறின. வேலை மட்டும் தோட்டத்திலேயே தொடர்ந்தது, அதுவும் குத்தகைக்காரர்களிடம். லயத்தில் இருந்தபோது எதிர்வீட்டு அத்தை, பக்கத்து வீட்டுப் பாட்டி என்று பிள்ளையைப் பார்க்க நாலு கண் இருந்தது. அடுக்குமாடிக்கு வந்ததும் கதவு சாத்திக்கொண்டது.

எங்கள் இல்லம் பழைய ஒற்றைமாடிக் கட்டடம். 2023இல் அங்கே 21 பிள்ளைகள் இருந்தார்கள்: 12 பையன்கள், 9 பெண் பிள்ளைகள். பகலில் சமையல்காரம்மாவையும் சேர்த்து நான்கு பேர் வேலையில் இருப்போம். மாலை ஆறு மணிக்கு மேல் பையன்கள் பக்கம் ஒருவர், பெண் பிள்ளைகள் பக்கம் ஒருவர். இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு கிரில் கதவு. நான் பொறுப்பாளர். முன்பு பாலர் பள்ளியில் வேலை செய்ததால் எல்லாருக்கும் டீச்சர்தான்.

இந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என் பாட்டி தோட்டத்தில் ஆயாவாக இருந்தவர். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போகும் தாய்மார்கள் விடியுமுன்பே பிள்ளைகளைத் தூக்கக் கலக்கத்தோடு ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். எந்தப் பிள்ளையை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தால் அழும் என்பது பாட்டிக்குத் தெரியும். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் அதை ஒரு தொழில் என்று மதிக்கவும் இல்லை. சில நாடுகளில் இதே வேலை படித்துச் செய்யும் தொழிலாகிவிட்டது. கனடாவில் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் பிள்ளைகள், இளையோர் பராமரிப்புக்கென்றே தனிக் கல்விப் பிரிவு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் இந்தப் பணியாளர்கள் சட்டப்படி பதிவு செய்துகொள்கிறார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் இன்றைக்கும் “பிள்ளைங்களப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்” என்றுதான் சொல்கிறோம். ஆள் கிடைத்தால் அன்று மாலையே வேலைக்கு வைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் வைத்தேன். இந்த நிகழ்வின் வேர் அங்கே இருக்கிறது.

பிள்ளைகள் வந்தது: 2023 மே

அண்ணனுக்கு 13 வயது, தங்கைக்கு 8. அப்பா செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுபவர். அம்மா இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வீட்டை விட்டுப் போயிருந்தார். தங்கையின் முதுகில் இருந்த காயத்தைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் கவனித்ததால் விஷயம் வெளியே வந்தது. சமூகநல அதிகாரி அழைத்து வந்து விட்டுப் போனார், சிறார் நீதிமன்ற ஆணை பிறகு வந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பள்ளிப் பையும் ஒரு பிளாஸ்டிக் பை நிறையத் துணியும் இருந்தன. அவர்களின் பாட்டி கோலகங்சாரில் மகன் வீட்டில் இருந்தார். கண்புரை அறுவைக்குக் காத்திருந்ததால் அப்போது அவரால் அழைத்துக்கொள்ள முடியவில்லை.

பையன் அந்த மார்ச்சில்தான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்திருந்தான். மலாய்மொழி போதாத பிள்ளைகளை ஓராண்டு வைக்கும் வகுப்பு அது. கூடப் படித்த நண்பர்கள் இருவர் நேராகப் படிவம் ஒன்றுக்கு (இடைநிலைப் பள்ளியின் முதலாண்டுக்கு) போய்விட்டார்கள். அது அவனுக்கு வலித்தது உண்மை. பிறகு அவன் காட்டிய கோபத்துக்கெல்லாம் இதுவே காரணம் என்று நாங்கள் முடிவு கட்டினோம். அந்தக் காரணம் எங்களுக்கு வசதியாக இருந்தது, ஏனென்றால் அது இல்லத்துக்கு வெளியே இருந்தது.

முதல் ஏழு வாரம்

காலையில் ஒரு தொந்தரவும் கிடையாது. தானே எழுந்து, தங்கைக்குப் பின்னல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பசியாறிவிட்டு வேன் ஏறுவான். பள்ளியிலிருந்து வந்தால் தூங்குவான். மாலையில்தான் எல்லாம். வாளியை உதைப்பான், தட்டை வீசுவான், சின்னப் பையன்களைத் தள்ளிவிடுவான், கெட்ட வார்த்தை பேசுவான். ஏழு வாரத்தில் சம்பவப் புத்தகத்தில் அவன் பெயரில் 17 பதிவுகள் இருந்தன. ஒன்றை அப்படியே தருகிறேன்: “குளிக்க மறுத்தான். வாளியை உதைத்தான். எச்சரித்தும் கேட்கவில்லை. டிவி தடை.”

பதினேழுமே ஏறக்குறைய இதே மாதிரிதான். அவன் என்ன செய்தான், நாங்கள் என்ன தண்டனை கொடுத்தோம். அதற்கு முந்திய பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று ஒரு வரிகூட இல்லை. புத்தகத்தில் அதற்கு இடமும் இல்லை, கோடு போட்டு அச்சடித்தது நான்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் கீழே கையெழுத்துப் போட்டேன். படித்தேனா என்றால், பார்வை ஓட்டினேன் என்பதுதான் சரி.

ஜூலை: சாமான் அறை

ஜூலை தொடக்கத்தில் பையன்கள் பக்கத்துப் பராமரிப்பாளர் வேலையை விட்டுப் போனார். 2022 மே மாதத்திலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்தது. நாங்கள் கொடுத்தது அதுதான். தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்தால் அதற்கு மேல் கிடைக்கும்போது யாரையும் குறை சொல்ல முடியாது. புதிதாக வந்தவர் 23 வயதுத் தம்பி. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், எஸ்.பி.எம். (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்தவர், பிள்ளைகளோடு பந்து விளையாடுவார், நல்ல மனசு. இரண்டு நாள் கூட நின்று காட்டினேன். மூன்றாம் நாளிலிருந்து மாலை ஆறு முதல் 12 பையன்களோடு அவர் தனி ஆள்.

அவருடைய மூன்றாவது வாரத்தில் ஒரு புதன்கிழமை. பையன் குளிக்கும் இடத்தில் வாளியை உதைக்க, அது ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றின் காலில் பட்டது. அந்தப் பிள்ளை அலற, மற்றவர்கள் சிரிக்க, தம்பி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சாமான் அறையில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். அரிசி மூட்டை, எண்ணெய் டின், பழைய மெத்தைகள் அடுக்கிய அறை. விளக்கின் சுவிட்ச் வெளியே இருந்தது. அதைப் போடவில்லை. உள்ளே இருந்து கத்தினான், பிறகு கதவை அடித்தான், பிறகு சத்தம் நின்றது. அடங்கிவிட்டான் என்று தம்பி நினைத்தார். அவன் மூட்டை மேல் ஏறிச் சன்னலின் கண்ணாடிப் பட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஒன்று உடைந்து வலது உள்ளங்கையைக் கிழித்தது. உள்ளே இருந்தது இருபது நிமிடம்.

எனக்கு 7.20க்கு அழைப்பு வந்தது. நான் போனபோது தம்பி அவன் கையைத் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருமே நடுங்கிக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனையில் நான்கு தையல். காரில் போகும்போதும் வரும்போதும் பையன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: “கேட்ட பூட்டிட்டாங்களா?” இல்லத்தின் வெளிக்கேட்டைக் கேட்கிறான், ஓடிப்போகத் திட்டம் போடுகிறான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு கேட்டை. அது எனக்குப் புரிய இன்னும் மூன்று வாரம் ஆனது.

அன்றிரவும் மறுநாளும்

இரவு ஒன்பதரைக்கு நிர்வாகக் குழுவில் பொறுப்பில் இருந்த ஒருவரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, அந்த இல்லத்துக்காகக் கோயில் கோயிலாக உண்டியல் குலுக்கியவர். ஆனால் அவர் முதலில் சொன்னது, “வெளியே தெரிஞ்சா நன்கொடை நின்னுடும்மா. அந்தத் தம்பிய அனுப்பிட்டு விஷயத்த முடிச்சிடுவோம்.”

நான் அப்படிச் செய்யவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது சட்டம். 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தில் 29ஆவது பிரிவு, ஒரு பிள்ளை மோசமாக நடத்தப்பட்டு உடலிலோ மனத்திலோ காயம் பட்டிருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், அந்தப் பிள்ளையைப் பராமரிப்பவர் சமூகநல அதிகாரிக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது. அப்பா அடித்தால் தெரிவிக்க வேண்டும், நம் ஆள் அடைத்தால் மறைக்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. இரண்டாவது, இந்தப் பையனை எதிலிருந்து காப்பாற்ற என்று அழைத்து வந்தோமோ அதையே நாங்கள் செய்துவிட்டோம். அதை மூடி மறைத்தால் அவன் கண்ணில் பெரியவர்கள் எல்லாரும் ஒரே ரகம்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு சமூகநல அலுவலகத்தில் இருந்தேன். எழுத்தில் கொடுத்தேன். அதிகாரி இல்லத்துக்கு வந்து பையனைத் தனியாக விசாரித்தார், போலீஸ் புகாரும் பதிவானது. விசாரணைக்குப் பிறகு வழக்குத் தொடரவில்லை. இல்லத்துக்கு எழுத்துபூர்வ எச்சரிக்கை வந்தது.

தம்பியை என்ன செய்வது? வேலையை விட்டு அனுப்பியிருந்தால் என் மனசாட்சிக்கு லேசாக இருந்திருக்கும். ஆனால் அவர் வேலைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. தனியாக விட்டது யார்? ஒரு பிள்ளை கொதித்து எழும்போது என்ன செய்யலாம் என்று ஒரு வழியாவது சொல்லிக் கொடுத்தேனா? அவரிடம் கேட்டபோது, “எங்கப்பா என்னைக் கோழிக்கூண்டுல போட்டு அடைப்பாரு டீச்சர். அடிக்கறதுக்கு அது பரவாயில்லன்னு நெனச்சேன்” என்றார். அவருக்குத் தெரிந்த வழிகளில் மிகவும் மென்மையானதை அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதிகாரியோடு பேசி இப்படி முடிவு செய்தோம்: மூன்று மாதத்துக்கு அவர் பிள்ளைகளோடு தனியாக இருக்கக்கூடாது, மாலை ஆறு முதல் ஒன்பது வரை நான் கூடவே இருப்பேன். அன்று மதியமே சாமான் அறையின் தாழ்ப்பாளைக் கழற்றினேன்.

மன்னிப்புக் கேட்பதைப் பற்றியும் யோசித்தோம். போலந்து நாட்டு மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக், 1912 முதல் வார்சாவில் நடத்திய அநாதை இல்லத்தில் பிள்ளைகளே நடத்தும் ஒரு நீதிமன்றம் வைத்திருந்தார். பெரியவர்கள் மீதும் அங்கே வழக்குப் போடலாம், கோர்ச்சாக்கே அதில் நின்றிருக்கிறார். எங்களால் அந்த அளவுக்குப் போக முடியாது. ஆனாலும் எங்கே, யார் முன்னால் மன்னிப்பு என்பதைப் பையனே சொல்லட்டும் என்று விட்டோம். “எல்லாரும் இருக்கும்போது” என்றான். எல்லாரும் பார்க்கத்தானே அவனை இழுத்துப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பசியாறும்போது தம்பி எழுந்து நின்று, தான் செய்ததை ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பையன் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. அடுத்த ஒரு மாதம் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை.

மூன்று வாரம் பார்த்தது

முதலில் சம்பவப் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் நேரத்தைத் தனியாக எழுதினேன். பதினேழில் பதினைந்து, மாலை 6.40க்கும் 7.20க்கும் இடையில். ஏழு வாரமும் இந்தக் கணக்கு என் மேசையில்தான் கிடந்திருக்கிறது.

பிறகு ஒவ்வொரு மாலையும் சாப்பாட்டுக் கூடத்தின் படியில் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கையில் வேலை இருந்தால் பிள்ளைகள் நம்மை மறந்துவிடுவார்கள். பார்த்தது இதுதான். 6.40க்குப் பெண் பிள்ளைகள் பக்கத்து அக்கா, “பொம்பளப் பிள்ளைங்க எல்லாம் உள்ள போங்க” என்று கூப்பிடுவார். 6.45க்குக் கிரில் கதவைச் சாத்திப் பூட்டுப் போடுவார். அது பல வருடப் பழக்கம். பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று வந்தது, காலை ஆறுக்குத்தான் திறக்கும். பூட்டுப் போடும் சத்தம் கேட்டதும் பையன் எழுந்து, “தண்ணி குடிச்சுக்கவா?” என்பான். கூடத்திலேயே தண்ணீர் இருக்கும். அவன் கை காட்டுவது கதவுக்குப் பக்கத்தில் உள்ள வெளிக்குழாயை. “முதல்ல குளி, அப்புறம் குடிக்கலாம்” என்று பதில் வரும். இரண்டாம் முறை கேட்பான். மூன்றாம் முறை கேட்கமாட்டான். வாளி பறக்கும்.

அந்த மூன்று வாரத்தில் இதை மூன்று முறை பார்த்தேன். நான்காம் முறை வாளி பறந்த பிறகு நான் போய், ஈரச் சிமெண்டுத் தரையில் அவனுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஃபிரிட்ஸ் ரெடல், 1940களில் டெட்ராய்ட் நகரத்தில், கோபக்காரப் பிள்ளைகள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்காக ஓர் இல்லம் நடத்தினார். பிரச்சினையை மறுநாள் அலுவலக அறையில் வைத்துப் பேசாதே, நடந்த இடத்தில், நடந்த சூட்டில், கூட வாழும் ஆளே பேசு என்பது அவரிடமிருந்து இந்தத் தொழிலுக்கு வந்த பாடம். அதை ஒரு குறுகிய காலப் பயிற்சியில் நானும் படித்திருந்தேன், சான்றிதழும் வாங்கியிருந்தேன். செய்து பார்த்தது அன்றுதான்.

வாளியைப் பற்றிப் பேசவில்லை. அவன் மூச்சு இறங்கும் வரை சும்மா இருந்தேன். சோப்பு நுரை சாக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பிறகு, “அந்தக் குழாய்த் தண்ணிதான் வேணுமாய்யா?” என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான்: “அங்கேருந்து பாத்தா அவ கட்டில் தெரியும்.”

அப்பா வேலை முடிந்து, சம்சு (மலிவுச் சாராயம்) குடித்துவிட்டு வரும் நேரம் ஆறே முக்கால். மோட்டார் சத்தம் தூரத்தில் கேட்டதும் தங்கையைப் பின்வாசலில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு இவன் முன்வாசலுக்குப் போவான். இரண்டு வருடமாக அதுதான் அவனுடைய வேலை. அதே நேரத்தில் நாங்கள் அவள் இருக்கும் பக்கத்தைப் பூட்டி, அவனைக் குளிக்கச் சொன்னோம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது அவன் கேட்ட கேட் எது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆகஸ்டில் எடுத்த முடிவுகள்

கிரில் கதவைப் பூட்டும் நேரத்தை இரவு 8.45க்குத் தள்ளினோம். அதுவரை இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கூடத்தில் ஒன்றாக இருப்பார்கள், ஒன்றாகச் சாப்பிடுவார்கள், வீட்டுப்பாடம் செய்வார்கள். அண்ணன் தங்கை, அக்கா தம்பி என்று இருப்பவர்கள் ஒரே மேசையில் உட்காரலாம். பூட்டுவதற்கு முன் கதவருகே ஐந்து நிமிடம் நின்று பேசிவிட்டுப் போகலாம். பாதுகாப்புக்கு என்ன செய்வது என்றால், அந்த இரண்டு மணி நேரமும் கூடத்தில் பெரியவர்கள் இருவர் இருந்தே ஆகவேண்டும். பூட்டு செய்த வேலையை ஆள் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஊழியர்கள் இதை எதிர்த்தார்கள். “ஒருத்தனுக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க டீச்சர்” என்றார் பெண் பிள்ளைகள் பக்கத்து அக்கா. அவர் அங்கே பதினோரு வருடம் இருந்தவர், பூட்டுப் பழக்கத்துக்குக் காரணமான பழைய சம்பவம் ஒன்று அவருக்குத்தான் தெரியும். அவர் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. முதல் பத்து நாள் கதவருகே நாற்காலி போட்டு அவரே இருக்கட்டும் என்று முடிவானது. அவர் சொன்னது போலவே எல்லாரும் கேட்டார்கள். இல்லத்தில் இன்னும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் கூடப்பிறந்தவர்களோடு இருந்தார்கள். அவர்களும் இத்தனை நாள் கதவின் இரண்டு பக்கமும் இருந்தவர்கள்தான். வாளியை உதைக்காததால் எங்கள் கண்ணில் படவில்லை.

சம்பவப் புத்தகத்தைப் புதிதாக அச்சடித்தோம். முதல் கட்டம், “இதற்கு முன் என்ன நடந்தது?” கடைசிக் கட்டம், “அந்த நேரம் நாம் எங்கே இருந்தோம்?” வெள்ளிக்கிழமை பிள்ளைகள் சாமி கும்பிட்டு முடித்ததும் ஊழியர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து அந்த வாரப் பதிவு ஒன்றை வாய்விட்டுப் படிப்போம். தம்பிக்கு முதல் சில வாரம் படிக்கவே கூச்சம். பிறகு அவர்தான் மற்றவர்கள் எழுதியதில் விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பார்.

பிறகு நடந்தது

செப்டம்பரில் மாலைப் பதிவு இரண்டு. அக்டோபரில் ஒன்று. ஒரு நாள் அவன் பிய்ந்த சிலிப்பரைக் கொண்டுபோய்த் தம்பியிடம் நீட்டினான். ஒன்றும் சொல்லவில்லை. தம்பியும் ஒன்றும் சொல்லாமல் கம்பி போட்டுக் கொடுத்தார்.

நவம்பர் 12 அந்த ஆண்டுத் தீபாவளி. அதற்கு முந்திய நாள், முன்னறிவிப்பு இல்லாமல் அப்பா குடித்துவிட்டு வாசலில் வந்து நின்றார். கையில் முறுக்குப் பொட்டலமும் இரண்டு பேருக்கும் புதுத்துணியும் இருந்தன. அவரை உள்ளே விடவில்லை. துணியை வாங்கி வைத்துக்கொண்டு, தெளிவாக இருக்கும் நாளில் அதிகாரியிடம் கேட்டு வரச் சொன்னேன். பையன் பார்த்துவிட்டான். அன்று இரவு மூன்று தட்டு உடைந்தது, அடுத்த இரண்டு வாரம் ஏறக்குறைய ஜூனில் இருந்த மாதிரியே போனது. “எல்லாம் வீண்” என்று தம்பி சொன்ன இரவு அது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. தட்டை உடைத்துவிட்டு அவன் ஓடவில்லை, கூடத்திலேயே சுவர் ஓரமாக உட்கார்ந்தான். தம்பி அவனுக்குக் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தார். யாரும் சொல்லவில்லை. நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். இத்தனை மாதம் நான் வாயால் சொல்லிக் கொடுத்தது எதுவும் அவருக்குப் போய்ச் சேர்ந்ததா தெரியாது. பக்கத்தில் இருந்து அவர் பார்த்தது போய்ச் சேர்ந்திருந்தது.

வீட்டுக்குப் போனது: 2024 ஏப்ரல்

பாட்டிக்குக் கண் சரியானது. அவர் எங்கள் டவுனிலேயே ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்து, பிள்ளைகளை அழைத்துக்கொள்ளக் கேட்டார். நீதிமன்றம் சம்மதித்தது. அப்பா அதிகாரியின் அனுமதி இல்லாமல் வரக்கூடாது என்பது ஏற்பாடு.

இந்த இடத்தில் வழக்கமாக எங்கள் வேலை முடிந்துவிடும். கோப்பை மூடுவோம். இந்த முறை தென்னாப்பிரிக்காவில் செய்யும் ஒரு முறையைப் பின்பற்றினோம். அங்கே எச்.ஐ.வி. நோயால் பெற்றோரை இழந்து தாங்களாகவே குடும்பம் நடத்தும் பிள்ளைகளை எல்லாம் இல்லத்தில் சேர்க்காமல், பராமரிப்புப் பணியாளரே அந்த வீட்டுக்குப் போய், சமைக்கும் நேரத்திலும் படிக்கும் நேரத்திலும் படுக்கப்போகும் நேரத்திலும் கூட இருக்கிறார். நாங்களும் செவ்வாய், வெள்ளி மாலை ஆறு முதல் எட்டு வரை பாட்டி வீட்டுக்குப் போனோம். ஒருமுறை நான், ஒருமுறை தம்பி. விசாரிக்கப் போகவில்லை. நான் காய் நறுக்குவேன், பாட்டி தாளிப்பார், பையன் படிவம் ஒன்று கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பான்.

அங்கே போனதால் தெரிந்தது: 6.45க்கு அவன் எழுந்து போய்க் கதவைத் தாழிடுவான். “எதுக்குடா இந்த வேர்வைல சாத்தற?” என்று பாட்டி திட்டுவார், ஒரு சண்டை கிளம்பும். பாட்டியிடம் தனியாகப் பேசினோம். அதன் பிறகு அந்த நேரத்துக்குப் பாட்டியே, “கதவப் பாத்துட்டு வாய்யா” என்று அவனை அனுப்ப ஆரம்பித்தார். அவன் பூட்டிவிட்டு வந்து சாப்பிடுவான். சண்டை நின்றது. நான்கு மாதம் கழித்து வாரம் ஒரு முறையாகக் குறைத்தோம்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்த ஆகஸ்டில் ஒன்பது நாள் பள்ளிக்குப் போகாமல் கார் கழுவும் கடையில் வேலை செய்திருக்கிறான். சம்பாதித்த காசைப் பாட்டியின் மருந்து டப்பாவில் வைத்திருந்தான். இப்போது படிவம் இரண்டில் இருக்கிறான், மலாய்மொழி இன்னும் சிரமம்தான். தங்கை சில இரவுகளில் இன்னும் படுக்கையை நனைக்கிறாள். தம்பி 2024 கடைசியில் பினாங்குத் தொழிற்சாலை ஒன்றுக்குப் போய்விட்டார். கல்யாணம் ஆகப்போகிறது, சம்பளம் போதவில்லை. போவதற்கு முன் அடுத்து வந்த ஆளோடு ஆறு வாரம் கூடவே நின்றார். அந்த ஆறு வாரத்தை நிர்வாகக் குழுவிடம் போராடித்தான் வாங்கினேன்.

மாற்ற வேண்டியவை

அந்தப் புதன்கிழமை இரவே நான் தெரிவித்திருக்க வேண்டும். சமூகநல உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. மறுநாள் காலை வரை காத்திருந்ததற்கு, அலுவலகம் மூடியிருந்தது என்பதை அப்போது காரணமாகச் சொன்னேன். உண்மையில் அந்த இரவு முழுவதும் நிர்வாகத்தின் பேச்சை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அந்த எண் எங்கள் கூடத்துச் சுவரில், பிள்ளைகளுக்கும் எட்டும் உயரத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

புதிதாக வருபவரை முதல் ஆறு வாரத்துக்கு மாலையில் தனியாக விடுவதில்லை. பொறுப்பாளர் பகலில் கணக்கு எழுதிவிட்டு ஐந்துக்கு வீட்டுக்குப் போகும் பழக்கமும் நின்றது. கணக்கை மதியத்துக்குள் முடித்துவிட்டு மாலையில் இருக்கிறேன், ஏனென்றால் கஷ்டமான நேரம் அதுதான். கூடப்பிறந்தவர்களோடு ஒரு பிள்ளை வந்தால், முதல் நாளே இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, “வீட்ல சாயங்காலம் என்ன செய்வீங்க?” என்று கேட்கிறோம். 2023 மே மாதத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தத் தையல் விழுந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பையன்கள் பக்கமும் பெண் பிள்ளைகள் பக்கமும் சேர்த்து இப்போதும் ஒரே ஆள்தான். கூடுதல் ஆளுக்கான கோரிக்கை மூன்று முறை ஒத்திவைக்கப்பட்டு, அடுத்த கூட்டத்தில் நான்காம் முறையாக வருகிறது. அதுவரை ஞாயிறுகளில் நான் போகிறேன்.